செல்லு எல்லாம் ஒரே செல்லு இல்லை: கரையான் இனத்தைக் கண்ணாலும் மரபணுவாலும் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் தினமும் காலையில் ஒரு ஸ்பூன் கசகசா கொட்டிக் கிடக்கும். எலி எங்கிருந்தோ இழுத்து வந்து போடுகிறது என்று அம்மா பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் போன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தோம். மேலே கைமரத்தில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. செல்லு பிடித்துவிட்டது என்று மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிட்டோம். அவர் சுவரோரமாகத் தரையில் வரிசையாகத் துளை போட்டு மருந்தை மண்ணுக்குள் இறக்கிவிட்டுப் பணம் வாங்கிப் போனார். கசகசா நிற்கவில்லை. மறுபடியும் வந்தார், மறுபடியும் துளை, மறுபடியும் பணம். அந்தக் கரையானுக்கும் மண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்பது அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், மாநிலம் கேரளம், வீட்டிலும் தோட்டத்திலும் பேச்சு தமிழ். கரிசல் மண்ணும் தென்னையும் கள்ளும் உள்ள ஊர். பொள்ளாச்சிப் பக்கத்து உறவுக்காரர்கள் செல்லு என்பார்கள், பாலக்காட்டுக்காரர்கள் சிதல் என்பார்கள், புத்தகம் கரையான் என்கிறது. பேர் எதுவானாலும் எல்லோரும் அதை ஒரே பூச்சியாகத்தான் நினைக்கிறோம். உலகில் சுமார் 3,000 கரையான் இனங்கள் உண்டு, இந்தியாவில் மட்டும் 300ஐ ஒட்டி. அவற்றில் வீட்டையும் பயிரையும் தொடுபவை கொஞ்சம்தான். மற்றவை பாட்டுக்கு மட்கிய இலையையும் மண்ணையும் தின்று காட்டைச் சுத்தம் செய்கின்றன. எது எது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட கதையைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். விலங்கியல் படித்தவர்களுக்கு முதல் பாதி தெரிந்ததாக இருக்கலாம். தோட்டக்காரர்களுக்கு அந்த முதல் பாதியே போதும்.

முதலில் அது கரையான்தானா?

மழை முடிந்த அன்று மாலை விளக்கைச் சுற்றுவதெல்லாம் ஈசல், அதாவது இறக்கை முளைத்த கரையான், இல்லை. எறும்புக்கும் இறக்கை முளைக்கும். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், உடலைவிட நீளமாகப் பின்னால் தள்ளி நிற்கும். எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது. ஈசலின் உணர்கொம்பு மணி கோத்தது போல நேராக இருக்கும், எறும்பினுடையது முழங்கை மாதிரி மடங்கும். எறும்புக்கு இடுப்பு உண்டு, கரையானுக்குக் கிடையாது. வெள்ளை எறும்பு என்று பழைய பாடப்புத்தகங்களில் இருந்தாலும் எறும்புக்கும் கரையானுக்கும் உறவே இல்லை. கரையான் கரப்பான்பூச்சியின் வம்சம். இதை உறுதிப்படுத்தியதும் மரபணு ஆய்வுகள்தான். 2007க்குப் பிறகு கரையான்களைக் கரப்பான் வரிசைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

தொடுவதற்கு முன்பு இடத்தைப் பாருங்கள்

பாதி விடை பூச்சியிடம் இல்லை, அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. எனவே புற்றை உடைப்பதற்கு முன்பு நின்று பார்த்து, போனில் நாலு படம் எடுத்து, நோட்டில் எழுதிவிடுங்கள்.

கசகசா போன்ற பொடி கொட்டுகிறது, மண் பூச்சே இல்லை என்றால் அது உலர்மரக் கரையான். அந்தப் பொடி அதன் எச்சம். லென்சில் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பக்கம் தெரியும். வேறு எந்தக் கரையானும் இப்படி உலர்ந்த மணியாக எச்சம் போடாது. காய்ந்த மரத்துக்குள்ளேயே பிறந்து, தின்று, அங்கேயே முடிகிற கூட்டம் அது. தரைக்கு இறங்கவே இறங்காது. எங்கள் வீட்டில் மண்ணில் ஊற்றிய மருந்து ஏன் வீணானது என்பதற்கு விளக்கம் இவ்வளவுதான்.

தென்னை மரத்தின் மேல் மண் பூசினாற்போல் பட்டை பட்டையாக ஏறியிருந்தால் பெரும்பாலும் ஓடொன்டோடெர்மிஸ் பேரினம், அதாவது நெருங்கிய இனங்கள் பல சேர்ந்த பிரிவு. மண்ணைச் சுரண்டிப் பாருங்கள், அடியில் செத்த மேல்பட்டையை மட்டும்தான் தின்றிருக்கும். வளர்ந்த தென்னைக்கு அதனால் ஆபத்து குறைவு. நாற்றங்காலில் இருக்கும் கன்றுக்குத்தான் அது எமன். வேர்க்கடலைக் காட்டில் மேலே ஒன்றும் தெரியாமல் காயின் ஓடு மட்டும் அரிக்கப்பட்டு, செடி வாடி, பிடுங்கினால் வேரோடு கையில் வந்தால் மைக்ரோடெர்மிஸ் மீது சந்தேகப்படலாம். உயிருள்ள பலா மரத்தின் நடுவே குடைந்து, உள்ளே மண்ணும் மரத்தூளும் கலந்து அட்டைபோல் இறுகிய பொருளை நிரப்பியிருந்தால் காப்டோடெர்மிஸ். இது உண்மையிலேயே பயப்பட வேண்டிய ஜாதி.

புற்று இருந்தால் அதன் உருவத்தையும் எழுதுங்கள். ஆள் உயரத்துக்கு, கோயில் கோபுரத்தின் மடிப்பு மாதிரி பக்கச் சுவர்கள் வைத்து, மேலே துளை இல்லாமல் மூடியிருக்கும் புற்று பெரும்பாலும் ஓடொன்டோடெர்மிஸ் ஒபீசஸ் கட்டியது. புகைபோக்கி மாதிரி வாய் திறந்திருந்தால் ஓடொன்டோடெர்மிஸ் வாலோனென்சிஸ் ஆக இருக்கலாம். இதை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக எழுதிவிட வேண்டாம்.

ஏனென்றால் ஒரே புற்றுக்குள் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் உண்டு. ஓடொன்டோடெர்மிஸ் கட்டிய புற்றின் சுவருக்குள் மைக்ரோடெர்மிஸும் டைகஸ்பிடிடெர்மிஸும் தனித்தனியாக வழி அமைத்து வாழும். நான் முதன்முதலில் உடைத்த புற்றிலிருந்து மூன்று விதத் தலைகள் கிடைத்தன. ஒரே இனத்தின் மூன்று சாதி போலிருக்கிறது என்று எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டை இப்போது யாரிடமும் காட்டுவதில்லை.

பூஞ்சைக் கூடு கிடைத்தால் விடாதீர்கள். ஓடொன்டோடெர்மிஸ், மைக்ரோடெர்மிஸ், மேக்ரோடெர்மிஸ், ஹைப்போடெர்மிஸ் ஆகியவை தின்ற செத்தையைக் குழைத்து அடுக்கி அதன்மேல் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சையை வளர்க்கும். மழைக்குப் பிறகு நாம் பறித்துக் குழம்பு வைக்கும் புற்றுக்காளான் அதுதான். கூட்டைப் பிட்டுப் பார்த்தால் சின்ன ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள் தெரியும். கூடு நெல்லிக்காய், எலுமிச்சை அளவில் உருண்டையாக மண்ணுக்குள் அங்கங்கே சிதறிக் கிடந்தால் மைக்ரோடெர்மிஸ். கை நிறையக் கடற்பஞ்சு மாதிரி வந்தால் ஓடொன்டோடெர்மிஸ் அல்லது மேக்ரோடெர்மிஸ்.

பிடிப்பது: சிப்பாய் இல்லையென்றால் வேலை பாதி

கரையான் கூட்டத்தில் வேலைக்காரர்கள் எல்லா இனத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பார்கள். வெள்ளையான உடல், உருண்டைத் தலை. இனத்தைச் சொல்லும் முகம் கூட்டைக் காக்கும் சிப்பாய்க்கு மட்டும்தான். கெட்ட நேரத்துக்கு, கூட்டத்தில் சிப்பாய்கள் கொஞ்சம் பேர்தான். மைக்ரோடெர்மிஸில் சிப்பாய் அவ்வளவு சின்னது, தேடித் தேடிக் கண்ணே வலிக்கும்.

மண் பூச்சை ஒரு சாண் நீளத்துக்கு உடைத்துவிட்டு இரண்டு நிமிடம் பேசாமல் காத்திருங்கள். வேலைக்காரர்கள் உள்ளே ஓடுவார்கள், சிப்பாய்கள் உடைந்த வாயில் வந்து நிற்பார்கள். ஈரமான தூரிகையின் நுனியில் ஒட்டி எடுத்துக் குப்பியில் விடுங்கள். இடுக்கியால் பிடித்தால் உணர்கொம்பு முறியும், உணர்கொம்பின் கணு எண்ணிக்கை பின்னால் நமக்கு வேண்டும். ஒரு கூட்டத்திலிருந்து பத்துக்குக் குறையாமல் சிப்பாய், இருபது வேலைக்காரர், கிடைத்தால் ஈசல். ஒரு குப்பியில் ஒரு இடத்துப் பூச்சி மட்டும். இரண்டு மரத்துப் பூச்சியை ஒரே குப்பியில் போட்டால் இரண்டையுமே தூக்கி எறிய வேண்டியதுதான்.

ஒவ்வோர் இடத்திலிருந்தும் இரண்டு குப்பி எடுங்கள். ஒன்று 80 சதவீத எத்தனாலில், உருவம் பார்க்க. இன்னொன்று 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலில், மரபணுவுக்கு. ஒன்றே போதாதா என்று கேட்பீர்கள். சுத்த ஆல்கஹாலில் உடல் விறைத்து உடையும், நீர்த்த ஆல்கஹாலில் மரபணு மெல்ல மெல்லச் சிதையும். மரபணுக் குப்பியில் பூச்சியைப் போல பத்து மடங்காவது திரவம் இருக்க வேண்டும், மறுநாள் அதை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். பூச்சியின் உடலில் உள்ள நீரே ஆல்கஹாலை நீர்க்கச் செய்துவிடும். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் உருவத்தைக் கொஞ்ச நாள் காப்பாற்றலாம், மரபணுவுக்கு அதை நம்ப வேண்டாம். குப்பிகளை வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வைக்கலாம், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும். தேதி, ஊர், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, எந்த மரம், எந்த உயரம், யார் பிடித்தது. இவ்வளவும் வேண்டும். எல்லையில் இருக்கிற எங்களுக்கு இன்னொன்றும் உண்டு: மாநிலம். ஒரே சாலையில் கால் மணி நேரத்தில் இரண்டு மாநிலத்துக் கரையானைப் பிடிக்க முடியும். ஒருமுறை சோதனைச் சாவடியில் பையைத் திறந்து வரிசையாகக் குப்பிகளைப் பார்த்தவர் மூடியைக் கழற்றி மோந்து பார்த்தார். உள்ளே மிதந்ததைப் பார்த்த பிறகு ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பரம்பிக்குளம், ஆனைமலை மாதிரி வனத்துறை நிலத்தில் அனுமதி இல்லாமல் ஒரு செத்தையைக்கூடக் கிளறாதீர்கள். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும். அதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. நம் தோட்டத்துக் கரையானுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

லென்சுக்கு அடியில்

பத்து மடங்கு கைலென்ஸ் இருந்தால் பேரினம் வரைக்கும் போகலாம். இனம் வரைக்கும் போக ஸ்டீரியோ நுண்நோக்கியும், கண்வில்லையில் அளவுகோலும் வேண்டும். சின்னத் தட்டில் கொஞ்சம் மணல் பரப்பி, மேலே ஆல்கஹால் ஊற்றி, சிப்பாயை மணலில் பதித்து வைத்தால் விரும்பிய கோணத்தில் நிற்கும். காய்ந்த பூச்சியைப் பார்க்காதீர்கள், சுருங்கிப் பொய் சொல்லும். நிறத்தையும் நம்பாதீர்கள், ஆல்கஹாலில் அது மாறும்.

முதல் கேள்வி: தலை எதற்காக உருவானது? கடிக்கவா, அடைக்கவா, பீய்ச்சவா, சுண்டவா?

தலை குட்டையாக, முன்பக்கம் செங்குத்தாக வெட்டியது போல் கருத்து, பாட்டிலுக்குத் தக்கை மாதிரி இருந்தால் கிரிப்டோடெர்மிஸ். துளையைத் தலையாலேயே அடைத்துக்கொண்டு நிற்கும் சிப்பாய் அது. எங்கள் கைமரத்தில் இருந்தது இதுதான். இந்தக் குடும்பத்தில் நிஜமான வேலைக்காரச் சாதியே இல்லை, குஞ்சுகள்தான் வேலை செய்யும்.

தலையில் தாடை தெரியாமல் மூக்கு மட்டும் கூம்பாக நீண்டிருந்தால் நாசூட்டிடெர்மிஸ் அல்லது டிரைநெர்விடெர்மிஸ். அந்த மூக்கு வழியாக எதிரி மேல் பசையைப் பீய்ச்சும். நாசூட்டிடெர்மிஸ் மரத்தைத் தின்பது. டிரைநெர்விடெர்மிஸ் புல்லை வெட்டிச் சேமிக்கும், அதில் பெரிய சிப்பாய், சின்னச் சிப்பாய் என்று இரண்டு அளவு இருக்கும். மேய்ச்சல் நிலத்தில் கிடைத்தால் இதையே முதலில் நினையுங்கள்.

இரண்டு தாடையும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல், ஒன்று முறுக்கிய கம்பி மாதிரி வளைந்திருந்தால் டைகஸ்பிடிடெர்மிஸ் அல்லது பெரிகாப்ரிடெர்மிஸ். கேரம் காயைச் சுண்டுவது போல் தாடையைச் சுண்டி எறும்பைத் தூக்கி அடிக்கும். மண்ணைத் தின்று வாழ்பவை. வேலைக்காரரின் வயிறு உள்ளே இருக்கும் மண்ணால் கருநீலமாகத் தெரியும். இவற்றால் உங்கள் வீட்டுக்கோ பயிருக்கோ ஒரு சேதமும் இல்லை, விட்டுவிடுங்கள்.

மிச்சம் இருப்பவை எல்லாம் கடிக்கிற ஜாதி. குழப்பமும் இங்கேதான்.

இங்கே முதலில் தலையை அல்ல, தலைக்குப் பின்னால் இருக்கும் கழுத்துத் தகட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். குதிரைச் சேணம் மாதிரி முன்பக்கம் மேலே தூக்கி வளைந்திருந்தால் டெர்மிட்டிடே என்ற பெரிய குடும்பம், ஓடொன்டோடெர்மிஸும் மைக்ரோடெர்மிஸும் மேக்ரோடெர்மிஸும் இதில்தான் வரும். தட்டையாக இருந்தால் காப்டோடெர்மிஸ், ஹெட்டரோடெர்மிஸ் பக்கம் போங்கள். இந்த ஒரு அடையாளத்தைப் பழகிவிட்டால் பாதித் தவறு குறையும்.

தட்டையான பக்கத்தில் வேலை சுலபம். காப்டோடெர்மிஸ் சிப்பாயின் தலை மஞ்சளாக, பேரிக்காய் வடிவில் இருக்கும். நெற்றியில் முன்னோக்கிப் பெரிய துளை. சீண்டினால் அதிலிருந்து பால் மாதிரி வெள்ளைத் துளி வரும். உயிரோடு இருக்கும்போது இதைப் பார்த்துவிட்டால் லென்சே வேண்டாம். ஹெட்டரோடெர்மிஸின் தலை தீப்பெட்டி மாதிரி நீள்சதுரம், பக்கங்கள் இணையாக ஓடும், மேலுதட்டின் நுனி ஊசியாகக் கூர்மையாக இருக்கும்.

சேணப் பக்கத்தில், சிப்பாய் பெரிதாக, தலை செம்பழுப்பாக, மேலுதட்டின் நுனியில் கண்ணாடி மாதிரி வெள்ளைத் துண்டு ஒட்டியிருந்து, தாடையில் பல் இல்லாமல் இருந்தால் மேக்ரோடெர்மிஸ். சிப்பாய் இரண்டு அளவில் கிடைக்கும். நம் பக்கத்து மேக்ரோடெர்மிஸ் கன்வல்ஷனேரியஸுக்கு ஒரு பழங்கதை உண்டு. தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த ஜோஹான் ஜெரார்ட் கோனிக் 1779இலேயே அதை விவரித்து எழுதிவிட்டார். ஆக, தமிழ்நாட்டுக் கரையானை முறைப்படி படிக்கத் தொடங்கி இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. மருந்தடிக்கிறவர்களுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை.

இடது தாடையின் உள்பக்கம் தெளிவாக ஒரு பல் துருத்திக்கொண்டிருந்தால் ஓடொன்டோடெர்மிஸ். பெயரின் பொருளே பல் கரையான் என்பதுதான். வலது தாடையில் பல் மிகச் சின்னதாக இருக்கும் அல்லது தெரியவே தெரியாது. சிப்பாய் மிகச் சின்னதாக, தாடை ஒல்லியாக வளைந்து, பல் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லாமல் இருந்தால் மைக்ரோடெர்மிஸ். எங்கள் பக்கம் பெரும்பாலும் கிடைப்பது மைக்ரோடெர்மிஸ் ஒபெசி.

அளந்தால்தான் இனம்

ஓடொன்டோடெர்மிஸ் என்று கண்டுபிடித்ததோடு சந்தோஷப்பட்டு நிறுத்திவிடலாம். தோட்டத்துக்கு அது போதும். ஆனால் ஒபீசஸா, ரெடிமேனியா, ஃபீயாவா, ஹார்னியா, வாலோனென்சிஸா, அல்லது 1917இல் ஆனைமலையின் பெயரையே வைத்த அனமலென்சிஸா என்று கேட்டால் இனி அளவுகோல்தான் பேச வேண்டும்.

தலையின் நீளத்தைத் தாடையின் பக்க அடி வரைக்கும் அளக்கவும். தலையின் அதிகபட்ச அகலம். இடது தாடையின் நீளம். தாடை நுனியிலிருந்து பல் வரைக்கும் உள்ள தூரம். கழுத்துத் தகட்டின் நீளம், அகலம். தலைக்கு அடியில் உள்ள தொண்டைத் தகட்டின் நீளம், அகலம். உணர்கொம்பின் கணுக்கள், ஓடொன்டோடெர்மிஸில் 15 முதல் 17 வரை இருக்கும். தலை வடிவத்தையும் வாயால் விவரித்து எழுதுங்கள்: முட்டையா, முன்பக்கம் குறுகுகிறதா, பக்கங்கள் நேரா.

தனி அளவுகளைவிட விகிதம் முக்கியம். பல்லின் தூரத்தைத் தாடை நீளத்தால் வகுத்தால் பல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு எண் கிடைக்கும். தலை அகலத்தை நீளத்தால் வகுத்தால் இன்னொன்று. நல்ல சாப்பாடு கிடைத்த கூட்டத்தில் சிப்பாய்கள் கொஞ்சம் பெரிதாக இருப்பார்கள், விகிதம் அவ்வளவாக மாறாது. பத்துச் சிப்பாயை அளந்து, குறைந்தது, அதிகமானது, சராசரி மூன்றையும் எழுதுங்கள். ஒரே சிப்பாயை வைத்து இனம் சொல்கிறவர்களை நான் கையெழுத்தை வைத்து ஜாதகம் சொல்கிறவர்களோடு சேர்த்துவிடுவேன்.

இந்த எண்களை ஒப்பிட இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் இந்தியக் கரையான் தொகுதிகள் இரண்டும் வேண்டும். ரூன்வாலும் சோட்டானியும் எழுதிய முதல் தொகுதி 1989, சோட்டானி எழுதிய இரண்டாவது 1997. அடையாளச் சாவி, படம், அளவு அட்டவணை எல்லாம் அதில் உண்டு. கோழிக்கோட்டில் அந்த நிறுவனத்தின் மேற்குத் தொடர்ச்சி மலை மையம் இருக்கிறது. பீச்சியில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், கோவையில் வேளாண் பல்கலைக்கழகம். பெயரிட்டு வைத்த பழைய மாதிரிகளோடு நம்முடையதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

இவ்வளவு செய்தும் ஒபீசஸும் ரெடிமேனியும் ஒன்றோடொன்று மேலேறிப் படுக்கும். ஒன்றின் பெரிய சிப்பாயும் மற்றதன் சின்னச் சிப்பாயும் ஒரே அளவில் வரும். அங்கேதான் மரபணு உள்ளே வருகிறது. இன்னும் இரண்டு இடத்திலும் அது தேவை. ஸ்பெகுலிடெர்மிஸ் மாதிரி சிப்பாயே கண்ணில் படாத ஜாதிகள் உண்டு. அப்புறம், எவ்வளவு தேடியும் வேலைக்காரர் மட்டுமே கிடைத்த குப்பி. மற்ற நேரத்தில் நேராக மரபணுச் சோதனைக்கு ஓடுவது காசைக் கரைப்பது.

மரபணுவைப் படிப்பது

முதலில் ஒரு வேலைக்காரரையோ சிப்பாயையோ எடுத்துத் தலையை அல்லது கால்களை மட்டும் பிரியுங்கள். வயிற்றைச் சேர்க்காதீர்கள். அதற்குள் மரத்தூள், மண், பூஞ்சை, கோடிக்கணக்கான பாக்டீரியா. மண்ணிலும் மரத்திலும் உள்ள சில பொருள்கள், மரபணுத் துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் என்ற முறையையே முடக்கும். சிப்பாயின் தலையைக் கரைத்துவிட்டால் அடையாளம் போய்விடும், எனவே சிப்பாயில் கால் மட்டும் எடுத்து உடலை எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு உடல் வேண்டும்.

பிறகு ஆல்கஹாலை உலர்த்தி, திசுவை அரைத்து, புரோட்டினேஸ் கே என்ற நொதியில் 56 டிகிரி செல்சியஸில் ஊற வைத்து, கிட்டில் சொன்னபடி மரபணுவைப் பிரித்தெடுக்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்திலேயே இதைச் செய்யலாம்.

எந்த மரபணு? மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மூன்றுதான் கரையானுக்கு வழக்கம். சிஓ1, இதன் 658 எழுத்துத் துண்டைத்தான் (எழுத்து என்பது மரபணு வரிசையின் ஓர் அலகு) 2003இல் பால் ஹெபர்ட் குழு விலங்கினங்களை அடையாளம் காட்டும் பார்கோடாக முன்வைத்தது. சிஓ2, சுமார் 680 எழுத்து, கரையான்காரர்கள் வெகுநாளாகப் பயன்படுத்துவது, அதனால் ஒப்பிடப் பழைய தரவு நிறைய இருக்கும். 16எஸ், சுமார் 400 எழுத்துத் துண்டு, பழைய மாதிரியிலும் எளிதாகப் பெருகும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் சிஓ2 என்பேன். இரண்டுக்கு இருந்தால் சிஓ1ஐயும் சேருங்கள்.

பெருக்க வேண்டிய துண்டின் இரு முனையிலும் ஒட்டும் சின்ன மரபணு இழைதான் பிரைமர். சிஓ1க்கு 1994இல் ஃபோல்மர் குழு வெளியிட்ட பிரைமர் ஜோடி எல்லா ஆய்வகத்திலும் கிடைக்கும். பிசிஆரில் 94 டிகிரியில் சில நிமிடம் தொடங்கி, 94இல் பிரித்து, 50ஐ ஒட்டிய சூட்டில் பிரைமரை ஒட்டவைத்து, 72இல் நீட்டி, இதை 35 சுற்று ஓட்டுவது பொதுவான தொடக்கம். பெருகிய துண்டை ஜெல் என்ற களியில் ஓட்டினால் பட்டையாகத் தெரியும். பட்டை வரவில்லை என்றால் ஒட்டும் சூட்டை இரண்டிரண்டு டிகிரியாகக் குறையுங்கள். தேவையில்லாத பட்டைகள் வந்தால் ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் மரபணு போடாத வெறும் குழாய் ஒன்றையும் சேர்த்து ஓட்ட வேண்டும். அதில் பட்டை வந்தால் எங்கோ கலப்படம் நடந்திருக்கிறது, மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஜெல்லில் எதிர்பார்த்த நீளத்தில் ஒற்றைப் பட்டை தெரிந்தால், எழுத்துகளை வரிசையாகப் படித்துத் தரும் சாங்கர் வரிசைப்படுத்தலுக்கு அனுப்பலாம். இரண்டு பக்கமிருந்தும் படிக்கச் சொல்லுங்கள்.

திரும்பி வரும் கோப்பை அப்படியே நம்பிவிட வேண்டாம். மலை மலையாக வரும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் மலைகள் குழம்பியிருக்கும், அவற்றை வெட்டிவிடுங்கள். நடுவில் ஒரே இடத்தில் இரண்டு மலை மேலும் மேலும் வந்தால் இரண்டு பூச்சி கலந்திருக்கலாம், அல்லது போலிப் பிரதி இருக்கலாம். மைட்டோகாண்ட்ரியத் துண்டு பழங்காலத்தில் உட்கருவுக்குள் குடிபோய்ச் செயலற்றுக் கிடப்பதைத்தான் போலிப் பிரதி என்கிறேன். சிஓ1, சிஓ2 இரண்டும் புரதம் செய்யும் மரபணுக்கள். எனவே முதுகெலும்பில்லா உயிரிகளின் மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டில், அதாவது மென்பொருளில் ஐந்தாம் அட்டவணையில், மொழிபெயர்த்துப் பாருங்கள். நடுவே நிறுத்தக் குறி வந்தால் அது போலி. சாதாரண அட்டவணையில் போட்டுவிட்டு எல்லாமே போலி என்று நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது வேறு கதை.

இப்போது உலகத்து மரபணு வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஜென்பேங்க் தளத்தில், நம் வரிசைக்கு ஒத்தவற்றைத் தேடும் பிளாஸ்ட் தேடல். எல்லோரும் வழுக்கி விழுவது இங்கேதான். முதலில் வரும் பெயரை எடுத்து எழுதிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். தளத்தில் இருக்கும் பெயர் யாரோ ஒருவர் போட்டது. அவர் சிப்பாயை அளந்தாரா, வேலைக்காரரை வைத்து ஊகித்தாரா என்று அந்த எழுத்து வரிசை சொல்லாது. என் முதல் தேடலில் மேலே வந்தவற்றில் பாதிக்கு ஓடொன்டோடெர்மிஸ் என்று மட்டும் இருந்தது, இனப்பெயர் இல்லை. மிச்சத்தில் இரண்டு வேறு இனப்பெயர்கள் கிட்டத்தட்ட ஒரே ஒற்றுமையோடு வந்தன. இரண்டும் சரியாக இருக்க முடியாது.

அதனால் ஒற்றுமைச் சதவீதத்தோடு எவ்வளவு நீளம் பொருந்தியது என்பதையும் பாருங்கள். 98 சதவீதம் என்று சொல்லி 200 எழுத்துதான் பொருந்தியிருந்தால் அதற்கு மதிப்பு குறைவு. இரண்டு மூன்று சதவீதத்துக்குள் வேறுபாடு என்றால் ஒரே இனம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு, கரையானில் அது சில இடத்தில் செல்லும், சில இடத்தில் செல்லாது. பல ஆய்வகங்களிலிருந்து வந்த, முடிந்தால் உடல் மாதிரி பாதுகாத்து வைத்திருக்கும் வரிசைகளை எடுத்து, மெகா மாதிரி இலவச மென்பொருளில் அடுக்கி, வம்ச மரம் வரையுங்கள். கிளையின் அடியில் வெளியாளாக, அதாவது ஒப்பிடுவதற்கான தூரத்து உறவாக, காப்டோடெர்மிஸை வைக்கலாம். உங்கள் பூச்சி எந்தக் கிளையில் யாரோடு உட்காருகிறது என்பதுதான் விடை. முதல் வரியில் வந்த பெயர் விடை இல்லை.

இரண்டும் முரண்பட்டால்

சிப்பாய் ஒன்று சொல்கிறது, மரபணு வேறு சொல்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நம் கையை. குப்பி மாறியதா, அந்தப் புற்றில் வாடகைக்கு இருந்தவனைப் பிடித்தோமா என்று பாருங்கள். அதே குப்பியிலிருந்து இன்னொரு பூச்சியை ஓட்டுங்கள். அதுவும் அதே விடை தந்தால் தளத்தில் இருக்கும் பெயர் தவறாக இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் ஒரே உருவத்துக்குள் இரண்டு வம்சம் ஒளிந்திருக்கலாம்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. காப்டோடெர்மிஸ் ஹவிலாண்டி என்று உலகம் முழுக்க எழுதி வந்த பூச்சியும் காப்டோடெர்மிஸ் ஜெஸ்ட்ராயும் ஒன்றே என்று 2003இல் முடிவானது. ஒரே பூச்சிக்கு இரண்டு ஊரில் இரண்டு பெயர். செல்லு, சிதல் என்று நாம் சொல்வதுபோல அறிவியலும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

தீராத நேரத்தில் ஓடொன்டோடெர்மிஸ், ஒபீசஸுக்கு நெருக்கமானது என்று எழுதி நிறுத்துவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தவறான முழுப்பெயரைவிட நேர்மையான அரைப்பெயர் அடுத்து வருகிறவருக்கு உதவும்.

பெயர் தெரிந்த பிறகு

கிரிப்டோடெர்மிஸ் என்றால் மண்ணுக்கு மருந்து வேண்டாம். அரித்த மரத்தை மாற்றுவது, துளைக்குள் மருந்தைச் செலுத்துவது. எங்கள் வீட்டில் இரண்டு கைமரத்தை மாற்றினோம், கசகசா நின்றது. காப்டோடெர்மிஸ் என்றால் காலம் தாழ்த்தாதீர்கள், பூச்சியின் தோலுரிப்பைத் தடுக்கும் இரை மருந்துகள் அதில் நன்றாக வேலை செய்யும். பூஞ்சை வளர்க்கிற ஓடொன்டோடெர்மிஸ் வகையறா அந்த இரைக்கு அவ்வளவாக மசியாது, காசு கொடுப்பதற்கு முன்பு இதைக் கேளுங்கள். தென்னங்கன்று என்றால் காய்ந்த மட்டையையும் செத்தையையும் குழியருகே குவிக்காமல் இருப்பதே முதல் வேலை. டைகஸ்பிடிடெர்மிஸ் என்றால் மண்ணைப் போட்டு மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

இதையெல்லாம் பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் ஒரு மணி நேரம் விளக்கினேன். முதலில் சிரித்தார்.

"செல்லுக்கு என்ன தம்பி ஜாதகம்? செல்லுன்னா செல்லுதான்."

"செல்லுதாங்ணா. எந்தச் செல்லுன்னு தெரிஞ்சா மருந்துக் காசு மிச்சமாகுமில்லீங்களா?"

காசு என்றதும் கொஞ்சம் யோசித்தார். போன வாரம் அவரே தேடி வந்தார், கையில் பழைய இருமல் மருந்து பாட்டில். அவர் வீட்டுக் கதவு நிலையில் பிடித்ததாம், நிறையப் பிடித்திருக்கிறேன் பார் என்றார். ஆல்கஹால் இல்லை, சீட்டு இல்லை, வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வெள்ளைத் தாளில் கொட்டினேன். நூறுக்கு மேல் இருக்கும், எல்லாம் காய்ந்து சுருண்டிருந்தன. லென்சை வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்றுகூடச் சிப்பாய் இல்லை.

"தூரிகை ஒண்ணு தர்றனுங்ணா, நாளைக்குக் காலைல நானும் வர்றேன்" என்றேன்.